வீடு மாத்துற செலவு

போன மாசம் பழைய மாட்டுக் கொட்டாயைப் பிரிச்சோம். ஓலை மாத்தி மாத்திச் சலிச்சுப் போச்சு, தகரம் போட்டுடலாம்னு பையன் சொன்னான். உள்ளே கிடந்த சாமானை எல்லாம் எடுத்து வெளியே போட்டபோது, செவுத்தோட சாத்தி வச்சிருந்த ஒரு பழைய நிலை வந்துச்சு. வேப்ப மரம். அடியில ஒரு முழம் உளுத்துப் போயிருக்கு. மேல்கட்டை மட்டும் இன்னும் இரும்பு மாதிரி இருக்கு. மஞ்சளும் குங்குமமும் வச்சு வச்சுக் கறுத்துப்போன மூணு பொட்டுத் தடம் அப்படியே தெரியுது.

"அடுப்புக்கு வெட்டிடலாமாப்பா?"ன்னு பையன் கேட்டான்.

வேணாம்டான்னேன். ஏன்னு கேட்டான். நின்ன வாக்குல சொல்லி முடிக்கிற கதை இல்லை அது. ராத்திரி சாப்பிட்டுட்டு உட்கார்ந்து சொன்னேன். அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

எங்க குடும்பம் இப்போ இருக்கிற மேட்டுக்குச் சொந்த ஊர்க்காரங்க இல்லை. எங்க ஊர் மேட்டூர் அணைத் தண்ணிக்குள்ள இருக்கு. பண்ணவாடிக்குக் கிட்ட, காவேரிக் கரையில் இருந்த ஊர். அணை நல்லா வத்துற வருஷத்துல பண்ணவாடியில ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும், கிறிஸ்தவக் கோயிலோட கோபுரமும் வெளியே தெரியும். பேப்பர்ல போட்டோ வரும், ஜனங்க வேடிக்கை பார்க்க வருவாங்க. கோயில் கல்லுல கட்டினது, அதனால நிக்குது. எங்க வீடு மண் செவுரு. அதுக்கு அடையாளம் எதுவும் மிச்சம் இல்லை.

அணை வந்த கதையைச் சுருக்கமா சொல்லிடறேன். காவேரித் தண்ணியைப் பத்தி மைசூர் சமஸ்தானத்துக்கும் சென்னை ராஜதானிக்கும் ரொம்ப காலம் வழக்கு நடந்தது. 1924 பிப்ரவரி 18-ஆம் தேதி ஒப்பந்தம் ஆச்சு. அங்கே கண்ணம்பாடியில் அவங்க அணை, இங்கே மேட்டூரில் நம்ம அணை. அடுத்த வருஷமே, 1925 ஜூலை 20-ல் மேட்டூரில் வேலை ஆரம்பிச்சாங்க. ஒன்பது வருஷம் நடந்தது. 1934 ஆகஸ்ட் 21-ல் கவர்னர் ஸ்டான்லி திறந்து வச்சார். அதனாலதான் இன்னைக்கும் அதுக்கு ஸ்டான்லி நீர்த்தேக்கம்னு பேர். 120 அடி நிரம்பினா 93 டி.எம்.சி.க்குக் கொஞ்சம் மேலே தண்ணி நிக்கும். அந்தத் தண்ணி பரவுற இடம் சுமார் 59 சதுர மைல். அந்த 59 சதுர மைலும் வெறும் காடு கிடையாது. ஊர், வயல், கிணறு, கோயில், சுடுகாடு எல்லாம் அதுக்குள்ளதான் இருந்துச்சு.

நிலத்தை எடுத்தது 1894-ஆம் வருஷத்து நில எடுப்புச் சட்டத்தில். சுதந்திரத்துக்குப் பிறகும் ரொம்ப காலம் அதே சட்டம்தான். அதில் 23-ஆவது பிரிவில், எதுக்கெல்லாம் பணம் தரணும்னு வரிசையா இருக்கு. நிலத்துக்குச் சந்தை விலை, நிக்கிற பயிருக்கும் மரத்துக்கும் விலை, கட்டாயமா எடுக்கிறதுக்காக நூத்துக்குப் பதினஞ்சு மேலே. அதே பட்டியலில், குடியிருக்கிற இடத்தை மாத்த வேண்டி வந்தா அதுக்கு ஆகும் நியாயமான செலவுன்னு ஒரு வரியும் இருக்கு.

இந்த வரியைப் படிச்சதிலிருந்து எனக்கு இது மனசுலயே நிக்குது. வீடு மாத்துற செலவுன்னா என்ன? எங்க தாத்தாவைக் கேட்டா, "சர்க்காருக்கு அது வண்டிக்கூலிடா"ன்னு சொல்லிச் சிரிப்பார். அவர் சொன்னதையும், அவரோட அக்கா சொன்னதையும் வச்சு அந்தச் செலவை நான் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். தாத்தாவோட அக்காவை நாங்க அத்தைப்பாட்டின்னு கூப்பிடுவோம். சின்ன வயசுலயே புருஷனை இழந்து பொறந்த வீட்டுக்கே வந்துட்டவங்க. வீடு மாறும்போது அவங்களுக்குப் பத்தொன்பது வயசு, தாத்தாவுக்குப் பதினாலு.

அவங்க கிளம்பினது ஆங்கிரச வருஷம் தை மாசம். இங்கிலீஷ் கணக்குல 1933 ஜனவரி. மார்கழியில குடி போகக்கூடாதுன்னு தை பொறக்கக் காத்திருந்தாங்களாம். பூட்டன், பூட்டி, தாத்தா, அத்தைப்பாட்டி, இன்னும் ரெண்டு சின்னப் பசங்க. ரெண்டு வண்டி. மூணு மைல் தூரம், மேட்டைப் பார்த்து. வண்டியில முதல்ல ஏத்தினது விதை ராகியும் விதைச் சோளமும். அப்புறம் திருவை, அம்மி, உலக்கை, மண்பானை, தொம்பை. கூரையில இருந்த விட்டத்தையும் கைமரத்தையும் பிரிச்சு எடுத்துக்கிட்டாங்க. கடைசியா நிலையைக் கதவோட பேர்த்து எடுத்தாங்க. ஆட்டுக்கல்லை மட்டும் விட்டுட்டாங்க. ரெண்டாவது வண்டியில ஏற்கெனவே பாரம் அதிகம். மறுநாள் வந்து எடுத்துக்கலாம்னு பூட்டன் சொன்னாராம்.

வந்த இடத்துல ஒண்ணும் கிடையாது. செம்மண்ணும் ஓடைக்கல்லும், நடுவுல ரெண்டு வேலா மரமும். முதல்ல நிலையைத்தான் நட்டாங்க. நம்ம பக்கத்து வழக்கம்தானே, நிலை வச்ச பிறகுதான் செவுரு. ஆனா செவுரு எழும்ப மூணு மாசம் ஆச்சு. மண் குழைக்கத் தண்ணி வேணும், தண்ணி இல்லை. அந்த மூணு மாசமும் பக்கத்துல போட்ட சோளத்தட்டுக் குடிசையில படுக்கை. நிலை மட்டும் வெட்டவெளியில தனியா நின்னுச்சாம். பூட்டி தினமும் காலையில அதுக்கு முன்னாடி சாணி தெளிச்சுக் கோலம் போடுவாங்க, சாயங்காலம் விளக்கு வைப்பாங்க. போற வர்றவன் சிரிப்பானாம், செவுரே இல்லாத வீட்டுக்கு வாசக்கோலம் ஒரு கேடான்னு. அத்தைப்பாட்டி சொல்வாங்க: "எங்கம்மா அந்த நிலைக்குள்ள நுழைஞ்சுதான் குடிசைக்குப் போவும். சுத்தி வந்தா வெரட்டும்."

முதல் செலவு தண்ணி. பழைய ஊர்ல தண்ணிங்கிறது ஒரு வேலையே இல்லை. ஆறு பக்கத்துல. கோடையில ஆத்து மணல்ல ஊத்துத் தோண்டினா கண்ணாடி மாதிரி தண்ணி. புது இடத்துல இருந்து தண்ணிக்கு முக்கால் மணி நேரம் நடக்கணும். காலையில ரெண்டு நடை, சாயங்காலம் ரெண்டு நடை, அத்தைப்பாட்டியும் பூட்டியும். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் தண்ணிக்கே போச்சு. அந்த ஆறு மணி நேரத்துல பழைய ஊர்ல களை எடுத்திருப்பாங்க, கூலிக்குப் போயிருப்பாங்க. வந்த தண்ணியில குடிக்க எவ்வளவு, மாட்டுக்கு எவ்வளவு, செவுத்து மண்ணுக்கு எவ்வளவுன்னு பங்கு. முகம் கழுவுன தண்ணியைக் கூட கீழே விடாம, அகலச் சட்டியில பிடிச்சு மண் குழியில ஊத்துவாங்களாம். எங்க பழைய வீட்டுச் செவுரு அப்படிக் குழைச்ச மண்ணு.

ரெண்டாவது செலவு நெருப்பு. இதைக் கேட்டா இந்தக் காலத்துப் பசங்களுக்குச் சிரிப்பா இருக்கும். அப்போ தீப்பெட்டி காசு போட்டு வாங்குற சாமான். காலையில எந்த வீட்டுல முதல்ல புகை வருதோ அங்கே போய் ஒரு வறட்டித் துண்டுல நெருப்பு வாங்கிட்டு வருவாங்க. அப்படியே ரெண்டு வார்த்தை பேசுவாங்க. ஊர்ச் சேதி பரவுறது அந்த நேரத்துலதான். புது இடத்துல அடுத்த வீடு கூப்பிடு தூரத்துல கூட இல்லை. ஊரே மூணா நாலா பிரிஞ்சு போச்சு. சொந்தக்காரங்க சிலர் கொளத்தூர் பக்கம், சிலர் மேச்சேரிப் பக்கம், சிலர் ஆத்துக்கு அந்தப் பக்கம் நாகமரைக்கு மேலே. அதனால பூட்டி ராத்திரி அடுப்புல பெரிய வறட்டியை வச்சு சாம்பலைப் போட்டு மூடி, காலை வரைக்கும் கனலைக் காப்பாத்துவாங்க. ஒரு நாள் மழைச்சாரல்ல அது அணைஞ்சு போச்சு. அன்னைக்கு வீட்டுல உலை வைக்கலை. பழைய கம்மஞ்சோத்தைக் கரைச்சுக் குடிச்சுட்டு எல்லாரும் காட்டு வேலைக்குப் போனாங்க. நெருப்பு இல்லாததைவிட, போய்க் கேக்க ஒரு வீடு இல்லையேன்னுதான் பூட்டி அழுதாங்களாம்.

மூணாவது மாடு. ரெண்டு ஜோடி ஆலம்பாடி மாடு, ஒரு பால் மாடு. மனுஷனுக்குச் சொல்லிப் புரியவச்சுடலாம், மாட்டுக்கு யார் சொல்றது? அவுத்து விட்டா பொழுது சாய அது பாட்டுக்கு மூணு மைல் நடந்து பழைய வீட்டுக்குப் போயிடும். கூரை இல்லாத வீட்டுல, தான் கட்டியிருந்த இடத்துலயே போய்ப் படுத்துக்கும். தாத்தாவுக்கு அதுதான் வேலை. தினமும் இருட்டுல போய் ஓட்டிட்டு வரணும். "அப்பல்லாம் எனக்கு மாட்டு மேல கோவம் கோவமா வரும். ஆனா ஓட்டிட்டு வரும்போது நானும் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பேன்"னு தாத்தா சொல்வார். ஆறேழு மாசத்துல மத்ததெல்லாம் பழகிடுச்சு. பால் மாடு மட்டும் கடைசி வரைக்கும் போய்க்கிட்டே இருந்துச்சு. பவ வருஷம் ஆடியில தண்ணி ஏறினப்போ ஒரு நாள் சாயங்காலம் அது பாதி வழியிலயே திரும்பி வந்துடுச்சு. வழியில தண்ணி நின்னுருக்கு. வீடு போச்சுங்கிற சேதியை எங்க வீட்டுக்குச் சொன்னது அந்த மாடுதான்.

ஆட்டுக்கல்லும் அதோட போச்சு. மறுநாள் எடுக்கலாம்னு சொன்னது நடக்கவே இல்லை.

நாலாவதும் பெரிய செலவும் கிணறு. வந்த பணத்துல கையகல நிலமும் ஒரு ஜோடி மாடும் வாங்கினது போக மிச்சத்தைக் கிணத்துல போட்டாங்க. விளைபொருளுக்கு விலையே இல்லாத காலம் அது. வித்து வர்ற காசு கிஸ்திக்கே பத்தலை. பத்தடிக்குக் கீழே பாறை. தமரு அடிச்சு, மருந்து போட்டு வெடி வச்சு, கல்லைக் கூடையில தூக்கி மேலே கொட்டி, அடி அடியா இறங்கினாங்க. பணம் தீர்ந்தா வேலை நிக்கும். அந்தப் பணத்துக்காகத் தாத்தா எங்கே வேலைக்குப் போனார்னு நினைக்கிறீங்க? மேட்டூர் அணைக்கே போனார். கல்லு சுமக்க. கடைசி ஒன்றரை வருஷம் அங்கே வேலை செஞ்சார். நம்ம ஊரை முழுக அடிக்கிற செவுத்துக்கு நாமே கல்லு சுமந்தோம்னு அவர் வருத்தமாவும் சொல்வார், அந்த அணையைப் பார்த்தா பெருமையாவும் சொல்வார். ரெண்டும் ஒரே ஆள் வாயில வரும். அதைப் புரிஞ்சுக்க எனக்கு ரொம்ப நாள் ஆச்சு.

கிணத்துல தண்ணி கண்டது 42 அடியில. குடி வந்து நாலாவது வருஷம். அன்னைக்குத்தான் பூட்டி பால் காய்ச்சினாங்க. குடி வந்த அன்னைக்குக் காய்ச்சலையான்னு அத்தைப்பாட்டியைக் கேட்டேன். "அன்னைக்கு வந்து இறங்கினோம். குடி வந்தது தண்ணி வந்தப்புறம்தான்"னாங்க. அப்புறம் கவலை ஓட்டி, சால்ல தண்ணி இறைச்சு, அரை ஏக்கர் ராகி நட்டாங்க. குலதெய்வத்துக்குப் பழைய ஊர்ல இருந்து மடியில முடிஞ்சு கொண்டு வந்த பிடிமண்ணை அதுவரைக்கும் தொம்பைக்குப் பின்னால வச்சிருந்தாங்க. கிணத்து மேட்டுல வேப்பங்கன்னு நட்டு அதுக்கு அடியில அந்த மண்ணைப் போட்டு மூணு கல்லு நட்டாங்க. இப்பவும் பொங்கல் அங்கேதான் வைக்கிறோம்.

இதுல நிலம் இருந்தவன் கதை இது. பட்டா இருந்தா பணம் வந்துச்சு. எங்க காட்டுல கூலி வேலை செஞ்ச குடும்பங்களுக்கு அந்தச் சட்டத்துல விலை போட ஒண்ணும் இல்லை. நிலம் இல்லாதவனுக்கு நிலத்தோட விலை எப்படி வரும்? நாங்க நாலு வருஷம் கஷ்டப்பட்டோம்னு எழுதுறேன். அவங்க எங்கே போனாங்க, எத்தனை வருஷம் ஆச்சுன்னு எழுத அவங்க வீட்டுல இருந்துதான் ஒருத்தர் வரணும்.

கொஞ்ச வருஷம் கழிச்சு ஆறு ஒரு வழி காட்டுச்சு. அணை இறங்கும்போது பழைய நிலம் வெளியே வரும். மேலே ஒரு சாண் வண்டல். ஏரே வேண்டாம், விதைச்சா முளைக்கும். ராகி, எள்ளு, சோளம், தட்டைப்பயிறு, வெள்ளரி எல்லாம் போட்டாங்க. வரப்பு அழிஞ்சு போனாலும் எது யாரோட காடுன்னு பெரியவங்களுக்குத் தெரியும். ஒரு பாறை, ஒரு புளியமரத்து அடிக்கட்டை, அதை வச்சு அளந்துக்குவாங்க. காகிதத்துல அது சர்க்கார் நிலம். குடகுல மழை சீக்கிரம் பிடிச்சா வெள்ளாமையும் போகும். நான் சின்னப் பையனா இருந்தப்போ ஒரு வருஷம், முத்தின எள்ளை இடுப்பளவு தண்ணியில நின்னு அறுத்தோம். அப்போ தாத்தா காலால துழாவிட்டு, "இங்கதான்டா நம்ம வாசப்படி"ன்னார். அவர் முகத்தைப் பார்த்தேன். சந்தோஷமாத்தான் இருந்தார்.

அணை மேல எனக்குக் குறை கிடையாது. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தாதான் தஞ்சாவூர்ப் பக்கம் குறுவை. அங்கே விளைஞ்ச அரிசியை நாமும்தான் திங்கிறோம். அணைக்குக் கீழே கிழக்குக்கரை, மேற்குக்கரை வாய்க்கால்ல சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டத்துல 45,000 ஏக்கர் பாயுது. நல்லா இருக்கட்டும். ஆனா தண்ணி பள்ளத்துக்குத்தான் ஓடும். அணைக்கு மேலே இருக்கிற எங்களுக்கு அது கண்ணுல பார்க்கிற தண்ணி. 2023 அக்டோபர்ல அணை 30 அடி அளவுக்கு இறங்கிப் போச்சு. 2024 ஜூலை கடைசியில 120 அடி நிரம்பி வழிஞ்சுது. ரெண்டு வருஷமும் எங்க வெள்ளாமை கிணத்தையும் போரையும் நம்பித்தான்.

1894 சட்டத்துக்குப் பதிலா 2013-ல் புதுச் சட்டம் வந்துச்சு, 2014 ஜனவரி 1-லிருந்து நடைமுறை. மறுவாழ்வு, மறுகுடியமர்வுங்கிற வார்த்தைங்க அந்தச் சட்டத்தோட பேர்லயே இருக்கு. குடி பெயர்ற குடும்பத்துக்கு ஒரு வருஷம் வரைக்கும் மாசம் 3,000 ரூபாய், சாமான் கொண்டு போக 50,000, மாட்டுக் கொட்டகைக்குக் குறைஞ்சது 25,000-னு அட்டவணை போட்டிருக்காங்க. மாட்டையும் நினைச்சுப் பார்த்து ஒருத்தர் எழுதியிருக்காரேன்னு எனக்குச் சந்தோஷம். வண்டிக்கூலியைத் தாண்டிக் கணக்கு வந்திருக்கு. ஆனா அந்த ஒரு வருஷத்தைப் பார்க்கும்போதுதான் எங்க பூட்டி பால் காய்ச்சின நாலாவது வருஷம் ஞாபகம் வருது. ஒரு வருஷத்துல செவுரு எழும்பிடும். தண்ணி, நெருப்பு கேக்க ஒரு வீடு, மாட்டுக்குப் பழகின வழி, இதெல்லாம் எழும்ப அதுக்கும் மேலே ஆகும். இனிமே அணைக்கோ ரோட்டுக்கோ விமான நிலையத்துக்கோ யாரோட வீட்டை எடுத்தாலும், கணக்குப் போடுறவங்க இதையும் ஒரு வரியா சேர்த்துக்கணும். என் ஆசை அவ்வளவுதான்.

பையன் முழுசாக் கேட்டான். ஒண்ணும் பேசலை. காலையில எந்திரிச்சுப் பார்த்தா நிலையை வெளியே போட்டு அளந்துக்கிட்டு இருக்கான். உளுத்துப் போன ஒரு முழத்தை அறுத்துட்டு, புதுக் கொட்டாயில தவிடு, புண்ணாக்கு வைக்கிற ரூமுக்கு வச்சுட்டான். உயரம் குறைஞ்சதால குனிஞ்சுதான் உள்ளே போகணும். எனக்கு முதுகு வலி, தினமும் ரெண்டு வேளை குனியறேன். பரவாயில்லை.

உங்க வீட்டுலயும் இப்படி வேற ஊர்ல இருந்து வந்த கல்லோ கட்டையோ ஒரு மூலையில கிடக்கும். பெரியவங்க இருக்கும்போதே அது எப்படி வந்துச்சுன்னு கேட்டு எழுதி வச்சுடுங்க.